பம்பிக்கு ஒரு வாயில்

விழா மலருக்குக் கட்டுரை தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் நம்மைப் பணித்தபோது, தமிழாசிரியர் ஒருவரிடம் அவர்கள் எதிர்பார்த்தது சங்கச் செய்யுட் சுவையையோ சமய நெறி விளக்கத்தையோ ஆதல் வேண்டும். நாம் எழுதப் புகுந்ததோ ஒரு காரின் அடித்தகட்டில் இட்ட துளையைப் பற்றியது. மலர்க்குழுவிலுள்ள இளைஞர் ஒருவர் தலைப்பைக் கண்டு நகைத்தார். ஆயினும், கட்டுகஸ்தோட்டையில் நம் பழைய மாணவர் இருவர் வீட்டு முற்றத்தில் நிகழ்ந்த இவ்வேலையில், பௌதிகம் கற்கும் மாணவர்க்கும், பழம்பொருளைப் போற்றும் பெரியோர்க்கும், கைத்தொழிலாளர் திறனை மதிப்போர்க்கும் சொல்லத்தக்கன சில உண்டு எனக் கண்டமையால் துணிந்தோம்.

கார் எம்.ஜி.ஏ. என்னும் இனத்தது. இங்கிலாந்தில் அபிங்டன் என்னும் ஊரில் 1955 முதல் 1962 வரை ஒரு லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட எண்ணிக்கையில் இவ்வினம் செய்யப்பட்டது. அவற்றுட் பெரும்பாலானவை கடல் கடந்து அயல்நாடுகளுக்குச் சென்றன. நாம் கூறும் கார் 1958 ஆம் ஆண்டினது. 1489 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய எஞ்சினும், இரட்டைக் காபரேற்றரும், இருவர்க்கு மட்டும் இருக்கையும் உடையது. தோட்டத்துரை ஒருவர் வைத்திருந்து, தாயகம் திரும்புங்கால் விற்றதை நம் வகுப்புத் தோழரின் பாட்டனார் வாங்கினார். 1960களின் தொடக்கத்தில் வெளிநாட்டுச் செலாவணி முடையால் இலங்கையில் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. ஆதலின் உள்ளவற்றைச் செப்பனிட்டுச் செப்பனிட்டு ஓட்டுவதே நம் நாட்டார்க்கு வழக்கமாயிற்று. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் முதலியன இன்றும் கண்டித் தெருக்களில் உலவுவதற்கு அவ்வறுமையும் ஒரு காரணம் என்க.

பாட்டனாருக்குப் பின் அக்கார் அவர் மூத்த மைந்தரிடம் வந்தது. அவரும் நம் கல்லூரியின் பழைய மாணவரே. இப்போது எண்பதைக் கடந்தவர். நம் தோழருக்குப் பெரியப்பா முறையினர். காரை ஓட்டுபவர் தோழர். காருக்கு உரியவர் பெரியப்பா. இவ்வேறுபாட்டை வாசகர் நினைவிற் கொள்க, பின்னர் வேண்டப்படும்.

இனி, வேலை ஏன் நேர்ந்தது என்பதைக் கூறுவோம்.

2022 ஆம் ஆண்டில் பெற்றோல் நிலையங்களின் முன் நாட்கணக்கில் வரிசை நின்ற காலத்தை எவரும் மறந்திலர். அவ்வாண்டின் நடுப்பகுதியிற் கியூ.ஆர். குறியீட்டு முறை வந்து, காருக்கு வாரம் 20 லீற்றர் என வரையறுக்கப்பட்டது. அந்நாளில் அன்றாடத் தேவைக்கான சிறு வண்டிக்கே எரிபொருள் போதாதிருக்க, பழங்காரை எவர் ஓட்டுவர்? அது தாங்கியிற் கால்வாசிப் பெற்றோலோடு சுவரோரம் நின்றது. பெற்றோல் நெடுநாள் நின்றால் காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து பிசின் போன்ற பொருளாக ஓரளவு மாறும். அப்பிசின் குழாயிலும் வால்விலும் படியும். ஓடிக்கொண்டிருக்கும் காரினும் நிற்கும் காரே விரைவிற் கெடும் என்று பழைய சாரதிகள் கூறுவது வெறும் பேச்சன்று.

பின்னர் ஒரு நாள் மாலை, குருநாகலிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குத் திரும்பும் வழியில், கலகெதரை ஏற்றத்தில் அக்கார் நின்றுவிட்டது. நாமும் உடனிருந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. திறப்பைத் திருப்பிய தோழர் செவியைச் சாய்த்துக் கேட்டு, “பம்பி பேசவில்லை” என்றார்.

பம்பி பேசுவதாவது யாது? அதனை அறியாக்கால் பிற எதுவும் விளங்காது. ஆதலின் இங்குச் சிறிது தங்குவோம்.

பெற்றோல் தாங்கி காரின் பின்புறத்தில் உளது. இவ்வினத்தில் அஃது 10 கலன் கொள்ளும். எஞ்சினோ முன்புறத்தில். தாங்கி தாழ, காபரேற்றர் உயர. ஆதலின் பெற்றோல் தானே பாயாது. பழைய ஃபோர்ட் ‘ரி’ காரில் இருக்கையின் கீழிருந்த தாங்கியினின்று பெற்றோல் புவியீர்ப்பினாலேயே பாய்ந்தது. செங்குத்தான ஏற்றத்தில் எஞ்சின் தாங்கியினும் உயர்ந்துவிடுமாதலால், அக்காலத்துச் சாரதிகள் வண்டியைத் திருப்பிப் பின்புறமாக மலையேறினர் என்பது மெய்யான செய்தி. இத்தொல்லையை நீக்க வந்தனவே பம்பிகள். அவற்றுள் மின்னால் இயங்கும் எஸ்.யு. பம்பி பிரித்தானியக் கார்களிற் பல்லாண்டு கோலோச்சியது. எஸ்.யு. என்பது ‘ஸ்கின்னர்ஸ் யூனியன்’ என்பதன் சுருக்கம். ஸ்கின்னர் உடன்பிறந்தார் பாதணி வணிகக் குடும்பத்தினர்; அவர்கள் முதலிற் செய்த காபரேற்றரிலே தோலாலான துருத்தியே இருந்தது. 1910 இல் நிறுவனம் அமைத்தனர். 1926 இல் அது மொறிஸ் என்னும் கார் அதிபர் கைக்கு மாறியது.

இப்பம்பியின் உள்ளே ஒரு வரிச்சுருள் உண்டு. மின்னோட்டம் பாய்ந்தவுடன் அது காந்தமாகி, ஓர் இரும்புத் தட்டைத் தன்பால் இழுக்கும். தட்டோடு பிணைந்த பிரிமென்றகடும் உடனிழுபடும். தட்டு நடுப்பிசகாது அசைதற்பொருட்டு அதனைச் சூழ 11 பித்தளை உருளைகள் உள. பிரிமென்றகடு விலகியதும் உண்டாகும் வெற்றிடத்துட் பெற்றோல் தாங்கியினின்று புகும். இழுப்பின் கடைசியில் தட்டோடு இணைந்த ஒரு கோல் மின்தொடுகையைப் பட்டெனப் பிரித்துவிடும். மின்னோட்டம் அறும், காந்தம் இறக்கும், இப்போது விற்சுருள் பிரிமென்றகட்டைத் திரும்பத் தள்ளும். உள்ளிருந்த பெற்றோல், வந்த வழியை வால்வு அடைத்துக்கொள்வதால், முன்னோக்கிப் போகும். தள்ளி முடிந்ததும் தொடுகை மறுபடி கூடும். இவ்வாறு கூடுதலும் பிரிதலுமாக எழும் ஒலியே ‘டிக், டிக்’ என்பது.

இதில் நாம் வியந்த நுட்பம் ஒன்றுண்டு. காபரேற்றரின் மிதவைக் கலம் நிறைந்ததும் ஊசி வால்வு மூடிக்கொள்ளும். பெற்றோல் போக இடமின்மையால் விற்சுருள் தள்ளியும் பிரிமென்றகடு அசையாது நிற்கும், தொடுகை கூடாது, பம்பி வாளாவிருக்கும். கட்டளையிடுவார் எவரும் இல்லை. வேண்டுமளவே தருவதும் வேண்டாதபோது ஓய்வதும் அதன் அமைப்பிலேயே உள்ளன. திறப்பைத் திருப்பியதும் விரைந்து பத்திருபது முறை ஒலித்துப் பின் அடங்குமாயின் பம்பி நலமாயிருக்கின்றது. ஓயாது ஒலித்தால் தாங்கி வறிது, அல்லது எங்கோ ஒழுக்கு. ஒலியே இல்லையேல் தொடுகை கரிந்தது, அல்லது தட்டு சிக்கிக்கொண்டது.

கலகெதரையில் ஒலியே இல்லை.

மொறிஸ் மைனரில் இப்பம்பி எஞ்சின் மூடியின் கீழே, கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். சாரதி மூடியைத் திறந்து, திருகாணி முடுக்கியின் பிடியால் மெல்லத் தட்டுவார். சிக்கிய தொடுகை விடுபட்டுப் பம்பி ஓடும். எம்.ஜி.ஏ.யிலோ அது காரின் அடியில், வலப்புறப் பின்சில்லுக்கு முன்னே, சட்டத்தை ஒட்டிப் பொருத்தப்பட்டுள்ளது. இவ்வாறு வைத்தமைக்குத் தக்க காரணம் இல்லாமலில்லை. பெற்றோல் எளிதில் ஆவியாகும் இயல்பினது. எஞ்சினருகே பம்பியை வைத்து நெடுந்தொலைவு உறிஞ்சினால், குழாயில் அமுக்கம் குறைந்து, வெப்பமும் சேர, பெற்றோல் குழாயிலேயே கொதித்து ஆவிக்குமிழாகும். பம்பி ஆவியை இழுத்து ஏமாறும். தாங்கியருகே வைத்து முன்னோக்கித் தள்ளினால் குழாயில் அமுக்கம் உயர்ந்திருப்பதால் இக்குற்றம் அருகும். பௌதிக முறையில் இடம் சரி. சேற்றுக்கும் மழைக்கும் நடுவே அதனைத் திறக்கவேண்டிய மனிதனை நோக்கத் தவறிவிட்டனர் என்பதே நம் குறை.

தோழர் பின்சில்லைக் கழற்றி, ஜக்கின் மேல் கார் நிற்க, தம் தோளும் தலையும் அடியிற் செல்லப் படுத்தார். நாம் மின்பந்தம் பிடித்தோம். மழையில் ஊறிய தெருவோர மண் ஜக்கின் அடித்தட்டுக்கு இடங்கொடுத்தது. ஜக் சாய்ந்தது, கார் இறங்கிற்று. கழற்றிய சில்லை அவர் பழக்கத்தினால் வண்டியின் ஓரச் சட்டத்தின் கீழே கிடத்தியிருந்தார். காரின் பாரம் அதன்மேற் பட்டு நின்றது. அவர் மார்புக்கும் இரும்புக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி இருந்திருக்கலாம். அவரை வெளியே இழுத்த நம் கைகள் அன்றிரவு சோறுண்ணும்போதும் நடுங்கின. கார் இழுவை வண்டியில் வீடு சேர்ந்தது.

ஜக் என்பது தூக்குதற்குரியது, தாங்குதற்குரியதன்று. காரின் அடியிற் புகுவோர் நிலைத்தாங்கிகள் இரண்டையாயினும் இட்ட பின்னரே புகுக. இதனை எம் மாணவர்க்கு இலக்கண விதிபோல மனனம் செய்வித்திருக்கின்றோம்.

மறுநாள் தோழர் தம் எண்ணத்தை வெளியிட்டார். இருக்கைகளின் பின்னே பொதி வைக்கும் தட்டுண்டு. அதன் நடுவில் பற்றரிகளைப் பார்ப்பதற்கு உற்பத்தியாளரே ஒரு மூடி அமைத்துள்ளனர். 6 வோற்று பற்றரிகள் இரண்டு அதன்கீழ் உள. பம்பியோ அம்மூடிக்கு வலப்புறமாக, அதே தகட்டின் கீழே இருக்கின்றது. அவ்விடத்திற் சிறிய வாயிலொன்று வெட்டி மூடியிட்டால், இனி எவரும் காரின் அடியிற் புகவேண்டியதில்லை. வெளிநாடுகளிலும் இவ்வினக் கார் வைத்திருப்போர் சிலர் இவ்வாறு செய்துள்ளனர் என்றும் கூறினார்.

பெரியப்பா இணங்கவில்லை. “தம்பி, அறுபது வருடத்துக்கு மேலாக ஒருவரும் அந்தத் தகட்டில் ஓர் ஆணி அடித்ததில்லை. ஐயா வாங்கியபடியே இருக்கிறது. நீ வெட்டினால் அது வேறு கார்” என்றார். பம்பியைக் கழற்றி எறிந்து புதியதொன்றை வேறிடத்திற் பொருத்துவதையும் அவர் விரும்பவில்லை. நம்மையும் நோக்கி, “மாஸ்ரர், ஏட்டுச் சுவடியில் உங்களுக்கு வாசிக்க வசதி என்று ஓர் எழுத்தைச் சுரண்டுவீர்களா?” என வினவினார்.

நல்ல வினா. உடனே விடை கூற நமக்கு இயலவில்லை. திருப்பணி என்னும் பெயரால் பழங்கோயில்களின் கருங்கற்றூண்களுக்கு எண்ணெய் வண்ணம் பூசுவதையும், சிற்பம் நிறைந்த சுவரைச் சீமெந்தால் மூடுவதையும் கண்டு நொந்தவர் நாம். ஆயினும் கோயிலுக்குட் படியில் வழுக்கி விழும் அடியவர் பொருட்டுக் கைப்பிடி வைப்பதை எவரும் அழிவு என்னார். சுவடி வாசிப்பவன்மேல் விழுந்து அவனைக் கொல்வதுமில்லை. இதனைப் பணிவோடு சொன்னோம். அவர் விடையிறுத்திலர். கலகெதரை நிகழ்ச்சியைத் தோழர் அவர்க்கு முழுமையாகக் கூறாது மறைத்திருந்தார் என்பது அப்போதுதான் நமக்குத் தெரிந்தது. நாம் கூறினோம். பெரியவர் சிறிது நேரம் வெளியே பார்த்திருந்துவிட்டு, இரு நிபந்தனைகளை மட்டும் விதித்தார். வெட்டும் துண்டைத் தம்மிடம் தரவேண்டும். வேலையைத் தெருமுனைக் கராஜில் அன்றித் தம் முற்றத்திலேயே செய்யவேண்டும்.

வேலைக்கு வந்தவர் அயலிலுள்ள டிங்கர் பாஸ். சிங்களவர், முப்பதாண்டுக் கைப்பழக்கம் உடையவர். தோழர் ஆர்வமிகுதியால் மின்சாரக் கிறைண்டர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருந்தார். பாஸ் அதனைக் கண்டதும் தலையை அசைத்து, எடுத்துச்சென்று வீட்டின் மறுபுறத்தே வைத்துவிட்டு வந்தார். அவர் செய்கையின் காரணத்தை மாணவர் அறியவேண்டும். பெற்றோல் ஆவி காற்றைவிட மும்மடங்குக்கு மேல் அடர்த்தியானது. ஆதலின் மேலெழுந்து கலைந்துபோகாது தரையிலும் பள்ளத்திலும் தங்கும். காற்றில் ஏறத்தாழ நூற்றுக்கு 1½ முதல் 7½ பங்கு வரை கலந்திருந்தால் ஒரு பொறியே அதனை வெடிக்கச் செய்யப் போதும். வறிய தாங்கியே நிறைந்த தாங்கியினும் கொடியது. நிறைந்ததில் ஆவிக்கும் காற்றுக்கும் இடம் குறைவு. வறியதிலோ இரண்டும் வேண்டிய அளவிற் கலந்திருக்கும்.

ஆகவே முதல் நாள் முழுதும் வெட்டுவேலையே நடைபெறவில்லை. கார் திறந்தவெளியில் நிலைத்தாங்கிகளின் மேல் நிறுத்தப்பட்டது. பற்றரித் தொடுப்புகள் கழற்றப்பட்டன. இக்காரில் நேர்முனையே புவித்தொடுப்பாக உடலோடு இணைக்கப்பட்டுள்ளது. இக்காலக் கார்களில் மறைமுனை. எம்முனை உடலோடு இணைந்துள்ளதோ அம்முனையையே முதலிற் கழற்றல் வேண்டும். மாறாக மற்றைய முனையை முதலிற் கழற்றும்போது சாவி வழுக்கி உடலைத் தொட்டால் பெரும்பொறி பறக்கும். பின்னர்த் தாங்கி வடிக்கப்பட்டுக் கழற்றப்பட்டு, வாய் அடைக்கப்பட்டு, கொல்லைப்புறத்து மரநிழலுக்குச் சென்றது. அதன் அடியில் தேன்நிறப் பிசினும் துருப்பொடியும் படிந்திருந்தன. பம்பியையும் கழற்றினர். அதன் வலைவடியிலும் அதே பிசின். மின்தொடுகைகள் தங்ஸ்தன் என்னும் வன்னுலோகத்தாலானவை. அவையும் பொறிபட்டுப் பொறிபட்டுக் குழிந்திருந்தன.

இரண்டாம் நாள் இடங்குறித்தல். மேலிருந்து அளந்து வெட்டுவோர் பெரும்பாலும் பிழைபடுவர் என்றார் பாஸ். கீழிருந்து, பம்பி இருந்த இடத்துக்கு நேர்மேலே, கைத்துளையியால் ஒரு சிறு துளை இட்டு, அத்துளை மேலே எவ்விடத்தில் வெளிப்படுகின்றதோ அதனையே நடுவாகக் கொண்டார். அவ்விடத்திற் கீழே கம்பியோ குழாயோ செல்லவில்லை, தகட்டை வலுப்படுத்தும் மடிப்புகள் இல்லை என்பதைக் கைதடவிப் பார்த்துக்கொண்டார். தேயிலைப் பெட்டி அட்டையில் வாயிலின் வடிவை வெட்டி, அதனூடே சாவி பிடித்த தம் கையை நுழைத்துத் திருப்பிப் பார்த்தார். முதல் அட்டை போதவில்லை. இரண்டாவது, 7 அங்குல நீளமும் 5½ அங்குல அகலமுமாக, அமைந்தது. வேண்டியதற்கு மேல் ஒரு நூலளவும் வெட்டக்கூடாது என்பது அவர் கொள்கை. பெரியவர் அட்டையை வாங்கிப் பார்த்துத் திருப்பிக்கொடுத்தார்.

வாயிலின் மூலைகளை அவர் வளைவாக வரைந்ததைக் கண்டு, அழகுக்காகவோ எனக் கேட்டோம். கூர்மூலையிற் “தகடு கிழியும், மஹத்தயா” என்றார். ஓடும் காரின் தகடு ஓயாது முறுகும். அம்முறுகல் கூர்மூலைகளிற் குவிந்து நாளடைவில் வெடிப்பாகும். 1954 ஆம் ஆண்டிற் கொமெற் என்னும் பிரித்தானிய ஜெற் விமானங்கள் இரண்டு நடுவானிற் சிதைந்தமைக்கு, உடலிலுள்ள சாளரத் திறப்பொன்றின் மூலையை அண்டித் தொடங்கிய உலோகக் களைப்பு வெடிப்பே காரணம் என ஆராய்ந்து கண்டனர். அவ்வாராய்ச்சியை நம் பாஸ் படித்ததில்லை. தகடு அவர்க்கு நேராகவே கற்பித்திருக்கின்றது.

மூலைகள் நான்கிலும் கைத்துளையியால் வட்டத்துளை இட்டு, இடைக்கோடுகளை வாளலகாலும் தகட்டுக் கத்தரியாலும் வெட்டினார். அலகு சூடேறாதவாறு எண்ணெய் தடவிக்கொண்டார். கிறைண்டர் பத்து நிமிடத்திற் செய்யும் வேலைக்கு ஒன்றரை மணி சென்றது. துண்டு விடுபட்டதும் அதன் விளிம்பை அரத்தால் மழுக்கித் துடைத்துப் பெரியவர் கையிற் கொடுத்தார். அதன் அடிப்பக்கத்தில் அபிங்டனிற் பூசிய வண்ணம் புதுக்கருக்கு அழியாமல் இருந்தது.

வெட்டிய துளை தகட்டை மெலிவிக்கும். அதனை ஈடுசெய்தற்கு, முக்கால் அங்குல அகலச் சட்டமொன்றை 20 கேஜ் உருக்குத் தகட்டில் வெட்டி, துளையின் அடிப்பக்கத்தே சுற்றிலும் இருத்தி, தறையாணிகளால் இறுக்கினார். காய்ச்சி ஒட்டுவது வலிமையே. ஆயினும் நெருப்பு வேண்டாம் என்பது முடிந்த முடிபு. சட்டத்தில் எட்டு இடத்தில் நிலைச்சுரைகள் பொருத்தப்பட்டன. மேலிருந்து திருகாணியைத் திருகக் கீழே சுரையைப் பிடிக்க ஆள் வேண்டியதில்லை. திருகாணித் தலைகளின் வெட்டு, பத்து ரூபா நாணயத்தாலும் திருப்பத்தக்கவாறு அகலமாக அமைந்தது.

மூடிக்கும் சட்டத்துக்கும் இடையே மெத்து வேண்டும். இது பலரும் சிறிதென்று விடும் பகுதி. உண்மையில் இதுவே உயிர்நிலை. மூடி காற்றுப்புகாது அடைக்காவிடின் பெற்றோல் ஆவியும் புகைபோக்கியிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு என்னும் மணமற்ற நஞ்சும் இருக்கைப்பக்கம் ஏறும். இரப்பர் விளையும் நாட்டிலிருந்துகொண்டு மெத்துக்குத் தேடுவானேன் எனத் தோழர் பழைய ரயர்க் குழாயை வெட்ட முற்பட்டார். நாம் ஒரு சிறு சோதனை செய்தோம். இரப்பர்த் துண்டொன்றை மூடியுள்ள போத்தலிற் பெற்றோலில் இட்டு ஓரிரவு விட்டோம். காலையில் அது பெருத்து, நீண்டு, விரலால் நசுக்கப் பிய்ந்துபோகும் நிலையில் இருந்தது. இயற்கை இரப்பரும் பெற்றோலும் ஐதரோகாபன் குடும்பத்தினவாதலின் ஒன்று மற்றொன்றைத் தன்னுள் ஏற்றுக்கொள்ளும். பெற்றோலைத் தாங்குவது நைத்திரைல் என்னும் செயற்கை இரப்பர். கண்டி நகரில் அதன் தகடு கிடைத்தது.

வெட்டிய விளிம்பு, துளைகள், சட்டம், மூடி ஆகிய எல்லாவற்றிலும் நாகம் கலந்த அடிப்பூச்சு இரு முறையும், மேற்பூச்சு இரு முறையும் பூசப்பட்டன. மகாவலிக் கரையின் ஈரக்காற்றிற் பூசாத இரும்பு ஒரு மாரியைத் தாண்டாது.

மூன்றாம் நாள் தூய்மையாக்கிய தாங்கியும் புதிய தொடுகைகள் பெற்ற பம்பியும் தத்தம் இடம் சேர்ந்தன. பம்பியைப் பொருத்தும்போதே புதுவாயிலின் பயன் விளங்கிற்று. பாஸ் இருக்கையின் பின்னே முழந்தாளிட்டபடியே யாவற்றையும் முடுக்கினார். பற்றரியை இணைத்துத் திறப்பைத் திருப்பினார் தோழர்.

ஒலி இல்லை.

தொடுகையைப் பார்த்தனர், நலமாயிருந்தது. மின்கம்பியைச் சோதித்தனர், மின் வந்தது. பிரிமென்றகட்டைப் பழி கூறினார் ஒருவர். அரைமணி கழிந்தது. பெரியவர் திண்ணையிலிருந்து எழுந்துவந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, வாயிலினூடே நோக்கினார். “புவிக்கம்பியை எதில் மாட்டினீர்கள்?” என்றார். பம்பியின் புவிக்கம்பி, புதுப்பூச்சுப் பூசிய சட்டத்தின்மேல் இறுக்கப்பட்டிருந்தது. பூச்சு மின்னைக் கடத்தாது. மின் வந்தது மெய். திரும்பிச் செல்ல வழியில்லை. பாஸ் நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரு நாணயத்தளவு பூச்சைச் சுரண்டிக் கம்பியை மாட்டினார். ‘டிக், டிக், டிக்’ என விரைந்து ஒலித்து, மெல்ல மெல்ல இடைவெளி நீண்டு, அடங்கிற்று. மூடியிடாமல் கால்மணி நேரம் எஞ்சினை ஓட்டி, இணைப்புகளைத் தாளாற் துடைத்து ஒழுக்கில்லை என உறுதி செய்த பின்னரே மூடியை இட்டனர்.

இதனைப் படித்துவிட்டு இக்காலக் கார்களிலும் இவ்வாறு வெட்டலாம் எனக் கருதுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. எரிபொருளைப் பீச்சும் புதிய எஞ்சின்களில் பம்பி தாங்கியினுள்ளேயே அமிழ்ந்துள்ளது. பலவற்றிற் பின்னிருக்கையின் கீழே உற்பத்தியாளரே மூடி அமைத்திருப்பர். இல்லாதவற்றில் தாங்கியை இறக்கித்தான் பம்பியைக் காணவேண்டும். எஸ்.யு. பம்பியின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 3 இறாத்தல். பீச்சு முறையிலோ பெரும்பாலும் 40 இறாத்தலுக்கு மேல். இவற்றில் தகட்டுக்குக் கீழே தாங்கியே இருக்கும். ஒரு விரற்கடை ஆழமாக வாள் சென்றால் விளைவைச் சொல்லவேண்டியதில்லை.

பெயர் குறித்து ஒரு சிறு செய்தி. தமிழாசிரியர் என்ற முறையில் நாம் இதற்கு ‘அணுகுவாயில்’ எனப் பெயரிட்டோம். தோழர் ‘பனல்’ என்றார். பாஸ் தம் மொழியிற் ‘பியன’ என்றார். பெரியவர் ‘மூடி’ என்றார், அதுவே நிலைத்தது.

அதன்பின் ஒருமுறை மட்டும் பம்பி மௌனமாயிற்று. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தை அண்டி, பாடசாலை விடும் நேரம். பின்னே பேருந்துகள் ஊதல் ஊதின. தோழர் ஓட்டுநர் இருக்கையில், பெரியவர் அருகில். நாம் பின்னே முச்சக்கர வண்டியில் தற்செயலாக வந்துகொண்டிருந்தோம். பெரியவர் இறங்காமலே சட்டைப்பையைத் துழாவி ஒரு நாணயத்தை எடுத்துத் தோழரிடம் நீட்டினார். தோழர் திறப்பை அணைத்துவிட்டு, விரிப்பை நீக்கி, திருகாணிகள் எட்டையும் திருப்பி, பம்பியின் மின்முனை மூடியை மட்டும் கழற்றி, தொடுகைகளினிடையே ஒரு கடுதாசித் துண்டைச் செலுத்தி இழுத்தார். ஏதோ தூசி. மணிக்கூட்டைப் பார்த்தோம், எல்லாம் ஆறு நிமிடம். காரின் கீழே எவரும் படுக்கவில்லை.

வெட்டிய துண்டு பெரியவர் அலுமாரியில், காரின் பழைய பதிவுப் புத்தகத்தோடு, வெள்ளைத் துணியிற் சுற்றப்பட்டு இருக்கின்றது. அதன் ஓரத்தில் வெட்டிய நாளைப் பென்சிலால் எழுதி வைத்துள்ளார்.